கூடைக்குள் போகாத போன்

வடிவம்மையிடம் ஞானம் கேட்க வருகிறவர்கள் முதலில் அவர் முகத்துக்கு நேராக உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்டால் அவருக்கு விளங்காது. பத்தொன்பது வருஷம் நூற்பு மில்லில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. மில்லில் பெண்கள் உதட்டைப் பார்த்தேதான் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அவருக்கு இப்போதும் கைகொடுத்தது.

அம்பாசமுத்திரத்தில் ஆற்றுக்குப் போகிற தெருவில் அவர் வீடு. வயது நாற்பத்தாறு. அவருடைய முதல் சீடர் ஆதிமூலத்துக்கு அறுபத்திரண்டு. ஆதிமூலம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தன்னைவிடப் பதினாறு வயது இளையவரை 'அம்மா' என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. வடிவம்மை அவரை 'அண்ணாச்சி' என்பார்.

தலைமையாசிரியர்கள் எங்கே போனாலும் கையோடு ஒரு சட்டத்தைக் கொண்டுபோவார்கள். ஆதிமூலம் வந்த இரண்டாவது வாரமே கூடத்து வாசலில் ஒரு பனையோலைக் கூடையை வைத்தார். 'செல்போன்களை இங்கே வைத்துவிட்டு உள்ளே வரவும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். கீழே கையெழுத்து வேறு. யாராவது மறந்து உள்ளே கொண்டுவந்துவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே எல்லாரும் போனைப் போட்டுவிடுவார்கள்.

வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை வெளியூர்க்காரர்களுடைய நேரம். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் திரையில் உதடு விட்டுவிட்டு அசையும், வடிவம்மையால் படிக்க முடியாது. ஸ்பீக்கரில் வைத்தால் மில் சத்தம் போலத்தான் அவருக்குக் கேட்கும். அதனால் வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஜோடி இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வயர் கிடையாது. காதுக்குள் வைத்தால் பேச்சு நேராக உள்ளே போகும். கேட்கிறவர் என்ன கேட்டார் என்பது கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது, அம்மாவின் பதில் மட்டும்தான் கேட்கும். அந்தத் தைரியத்தில்தான் பலபேர் வாயைத் திறந்தார்கள்.

இனி ஆதிமூலத்தின் திருட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜெயிலுக்குப் போகிற திருட்டில்லை, சொல்லக் கூசுகிற திருட்டு.

காலையில் கூடத்தைப் பெருக்க அவர்தான் முதலில் வருவார். பெருக்கி முடித்ததும் அம்மாவின் இயர்பட்ஸை எடுத்துத் தன் போனோடு சேர்த்துக்கொள்வார். தான் பேசிப் பதிவு செய்ததைத் தானே கேட்பார். அதில் மெல்லிய குரலில் வேறு யாரோ போல அவரே கேள்வி கேட்டிருப்பார். பிறகு அம்மாவைப் போல இரண்டு தடவை செருமிவிட்டு, அம்மாவைப் போலவே நிதானமாக, அவரே பதிலும் சொல்லியிருப்பார். அம்மாவுக்குப் பிறகு யார் என்று ஒருநாள் பேச்சு வரத்தானே செய்யும், தயாராக இருப்பதில் என்ன தப்பு என்று அவர் மனசுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

மற்ற வியாழக்கிழமைகளில் ஞாபகமாக ப்ளூடூத்தை அணைத்துவிட்டுப் போனைக் கூடையில் போடுவார். இந்த வியாழக்கிழமை பாதியில் பால்காரர் கதவைத் தட்டினார். பதறிப்போய் இயர்பட்ஸை டப்பாவில் வைத்தார், போனை வேட்டி மடிப்பில் செருகினார், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அப்படியே மறந்தும் போனார்.

முதல் ஆள் மரியபுஷ்பம். உவரிக்காரி, மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். நேரம் கேட்டுப் பேசியபோதே ஆதிமூலத்திடம் சொல்லியிருந்தாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் வேலைக்கு இருக்கக் கையெழுத்துக் கேக்காங்க சார். ஊர்ல மக ஒன்பதாவது படிக்கா. போடவா வேண்டாமான்னு அம்மாகிட்ட பேசணும். வியாழக்கிழமை நம்ம ஊரு பன்னண்டு மணிக்குள்ள பதில் சொல்லியாவணும்."

பத்து மணிக்கு அவள் முகம் திரையில் வந்தது. பின்னால் துணி துவைக்கிற மெஷின் தெரிந்தது. வடிவம்மை இயர்பட்ஸைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கம்ப்யூட்டரில் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது.

ஆதிமூலம் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதுவே வந்தது.

"அணைச்சுப் போடுங்க சார். எந்த மெஷினுக்கும் அதான் வைத்தியம்" என்றார் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற கோமதிநாயகம்.

அணைத்துப் போட்டார். சேரவில்லை.

"டப்பாவுல வச்சு மூடித் திறங்க சார். என் மவனுக்கு அப்படித்தான் சரியாவும்" என்றாள் தையற்கடை ஜைனப்.

அம்மாவின் காதிலிருந்து வாங்கி, டப்பாவில் வைத்து, மூடித் திறந்து, திரும்பக் கொடுத்தார். சேரவில்லை. கம்ப்யூட்டரில் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடினார். பெயர் வந்தது. தொட்டால் வட்டம் சுற்றியது, சுற்றி நின்றது.

பிளக்கைப் பார்க்கலாம் என்று மேசைக்கடியில் குனிந்தபோது ஏதோ இடுப்பில் அழுத்தியது.

அவருக்கு விளங்கிவிட்டது. இயர்பட்ஸ் எங்கேயும் போகவில்லை. அவர் மடியில் இருந்த போனோடு சேர்ந்துகொண்டு இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் அது சேரும். அப்போது மணி பத்து எட்டு.

போனை வெளியே எடுத்து ஒரு விரலால் அணைத்தால் தீர்ந்தது. ஆனால் கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு போன் வாசலில் கூடைக்குள் கிடந்தது. அட்டையில் அவர் கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளின் பையைச் சோதனை போட்ட மனுஷர் எல்லார் முன்னாலும் மடியை அவிழ்த்து எதை எடுப்பார்? குனிந்த இடத்திலேயே அவருக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

நிமிர்ந்தார்.

"கம்ப்யூட்டர்லதான் கோளாறு" என்றார்.

பிறகு கோளாறு இல்லாத கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். அதைப்போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. எதையோ திறந்தார், எதையோ மூடினார், நடுநடுவே தலையை ஆட்டினார். வடிவம்மை அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை அவர் உதடு லேசாகத் துடித்தது. பொறுமைதான் என்று ஆதிமூலம் எடுத்துக்கொண்டார்.

"சார், அம்மாவுக்குக் கேக்குதா?" என்றாள் மரியபுஷ்பம்.

ஆதிமூலம் சத்தத்தைக் குறைத்து, கம்ப்யூட்டரை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போனார்.

"இல்லம்மா. ஸ்பீக்கர்ல வைக்கவா?"

"எல்லாரும் இருக்காங்கள்லா சார்."

"எழுதி அனுப்புதியா? அம்மா படிச்சுக்கிடுவாங்க."

"எழுத வராது சார். பேசுனாத்தான் எனக்கு வரும்." அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "வீட்டம்மா எந்திரிச்சுட்டா போயிரணும். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

ஆதிமூலம் இரண்டு தடவை செருமினார்.

"ஆறு ஊரை விட்டுப் போனாலும் ஊருக்குத் தண்ணி குடுத்துட்டேதான் போவும், மரியபுஷ்பம். நீ தூரத்தைப் பாக்காத. பாசத்தைப் பாரு."

அது அவருடைய பதிவில் மூன்றாவது பதில். யாருக்கென்று இல்லாமல் ஒரு மத்தியானம் வீட்டு மாடியில் பேசி வைத்தது.

மரியபுஷ்பம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அப்ப போடச் சொல்லுதீங்களா சார்?"

"போடுன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. யோசிச்சுப் பாரு."

"சரி சார்."

அந்த 'சரி சார்' அவருக்குத் தெரிந்த ஒன்று. ஒன்றும் புரியாத பிள்ளை உட்காரலாம் என்பதற்காகச் சொல்வது. எத்தனையோ வகுப்பில் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கும் போயிருக்கிறார். அன்றைக்கு அப்படிப் போக மனசு வரவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் திரையில் அவள் முகம் போய்விட்டது.

"தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மடியிலிருந்து போனை எடுத்தார்.

போனில் அவருடைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

காதில் வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தானாகவே பாட ஆரம்பிக்கிற இயர்பட்ஸ் அது. அது அவருக்கும் தெரியும், தினமும் காலையில் அப்படித்தான் கேட்பார். காலையில் விட்ட இடத்திலிருந்து இருபத்துநான்கு நிமிடம் ஓடியிருந்தது. அந்த இருபத்துநான்கு நிமிடமும் அம்மாவின் காதில்.

ஆதிமூலம் பதிவை நிறுத்தினார். போனை அணைத்தார். அப்படியே கொல்லைக் கதவைத் திறந்து ஆற்றங்கரை வழியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தார். செருப்பு முன்வாசலில் கிடந்தது.

உள்ளே வந்தபோது கம்ப்யூட்டரில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. இயர்பட்ஸ் சேர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, தானா சரியாயிட்டு" என்றார் கோமதிநாயகம் சந்தோஷமாக.

மிச்ச நேரத்தில் சென்னையிலிருந்து ஒருவரும் ஓசூரிலிருந்து ஒருவரும் பேசினார்கள். வடிவம்மை வழக்கம்போலப் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று ஆதிமூலத்துக்குத் தெரியாது. பதினொரு மணிக்கு எல்லாரும் கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆதிமூலம் பாயைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து இன்னும் சீராகச் சுருட்டினார். கூடத்தை ஒருமுறை பெருக்கினார். வடிவம்மை முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதற்கு இனி இடமே இல்லை என்றான பிறகு ஆதிமூலம் போய் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல."

"தெரியும் அண்ணாச்சி."

"போன் என் மடியில இருந்துச்சு."

"அதுவும் தெரியும். உங்க குரல்தானே கேட்டுச்சு."

"எவ்வளவு கேட்டீங்க?"

"நீங்க கொல்லைக்குப் போற வரைக்கும். ரெண்டு தடவை செருமிட்டுத்தான் நான் பேசுதேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே ஏதோ சொன்னார்.

வடிவம்மை தரையைத் தட்டினார். "குனிஞ்சா உதடு தெரியல."

அவர் நிமிர்ந்தார். அதுதான் அன்றைக்கு அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

"மரியபுஷ்பத்துக்கும் அதுல இருந்து ஒண்ணை எடுத்துச் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சரி சார்னு சொன்னா."

வடிவம்மை அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார்.

"உங்க பதிலெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கேள்வியையும் நீங்களே கேட்டுக்கிட்டீங்க. அதனால பதிலுக்குச் சிரமம் இல்ல."

"பத்து எட்டுக்கே எனக்குத் தெரிஞ்சுட்டும்மா. அப்பவே போனை எடுத்து அணைச்சிருந்தா அந்தப் பிள்ளை பேசியிருக்கும்."

"அணைக்கவும் வேண்டாமே. உங்க போனும் என் காதும் பத்து மணிக்கே சேர்ந்துதானே இருந்துச்சு. எடுத்து அவ நம்பரை அழுத்தியிருந்தா அதுலயே பேசியிருப்பா."

இது ஆதிமூலத்துக்கு அதுவரை தோன்றவே இல்லை. எதுவுமே கெட்டுப்போகவில்லை. இருபத்துநான்கு நிமிடமும் வழி திறந்தே இருந்திருக்கிறது, அவர்தான் வேட்டி மடிப்பில் மூடி வைத்திருந்தார். ஒருமுறை வெட்கப்பட்டது போதாது என்று இன்னொரு வெட்கம் வந்து சேர்ந்தது.

"நீங்களாவது அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

வடிவம்மை விரலில் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்துப் போட்டார்.

"முதல்ல சோதிச்சுப் பாக்கீங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல புரிஞ்சுட்டு. புரிஞ்ச பிறகும் கழட்டல."

"ஏன்?"

"என்னை மாதிரி ஒரு ஆள் பேசுறதக் கேக்க எனக்கு நல்லா இருந்துச்சு. அதுல அந்தப் பிள்ளையை மறந்துட்டேன்."

சொல்லும்போது அவர் முகமும் கன்றியிருந்தது. ஆதிமூலம் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னாலதானேம்மா எல்லாம். இனி இந்தப் படி ஏற எனக்கு யோக்கியதை இல்ல. அந்தக் கூடையை எடுத்துருதேன். எல்லாரையும் வரச் சொல்லி முன்னால நின்னு சொல்லிருதேன். முதல்ல உங்ககிட்ட ஒண்ணுவிடாம சொல்லுதேன், நீங்க கேக்கணும். முதமுதல்ல இதை நான் எப்ப எடுத்தேன்னா..."

வடிவம்மை கையை உயர்த்தினார்.

"மணி என்ன?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "பதினொண்ணே முக்கால்."

வடிவம்மை முந்தானையில் கையைத் துடைத்தார். டப்பாவைத் திறந்து இயர்பட்ஸை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக்கொண்டார்.

"உங்க வெட்கமும் என் வெட்கமும் சாயங்காலம் வரைக்கும் இங்கேயேதான் இருக்கும் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்குக் கால்மணிதான் இருக்கு. போனை எடுங்க."