மைனாக்களுக்கு இலந்தைப் பழம் கொடுத்த குரங்கு

ஒரு மலைக்காட்டில் நெடுவாலன் என்ற குரங்கு இருந்தது. மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, சிறுத்தை வந்தால் மான்களுக்குக் குரல் கொடுப்பது அதன் வேலை. கண் கூர்மைதான். வாய் அதைவிட நீளம்.

பொழுது போகாதபோது அது மலைமைனாக்கள் குடியிருந்த பட்டமரத்துக்குப் போகும். மான்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசும். மைனாக்கள் சிரிக்கும். அவை சிரிக்கச் சிரிக்க இதன் பேச்சும் வளரும்.

ஒருநாள் சொன்னது: "மான்களா? தண்ணீரைக் கண்டதும் மூளையைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கும் கூட்டம். சிறுத்தை வந்தால் வரட்டும். கையிலிருக்கும் பழத்தைத் தின்று முடித்த பிறகுதான் நான் கத்துவேன்."

மைனாக்கள் அதை நெடுவாலனின் குரலிலேயே சொல்லிப் பார்த்தன. நெடுவாலனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பேச்சு காடு முழுக்கக் கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது.

அந்தக் கோடையில் மலை காய்ந்தது. குட்டைகள் வற்றின, மான்கள் இடம் பெயர்ந்தன. முட்புதரில் மிஞ்சிய இலந்தைப் பழங்களைத் தவிரத் தின்ன ஒன்றும் இல்லாமல் நெடுவாலன் எலும்பும் தோலுமானது. மலையடிவாரத்தில் ஒரே ஒரு குளத்தில்தான் நீர் இருந்தது. அதன் கரையில் காய்த்துக் குலுங்கும் அத்திமரம் ஒன்றும் இருந்தது. அந்தக் குளத்துக்குக் காவல் தேவை, காவல்காரனுக்கு அந்த மரமே சொந்தம் என்று செய்தி வந்தது. அது கிடைக்காவிட்டால் நெடுவாலன் கோடையைத் தாண்டாது.

ஆனால் அந்தக் குளத்து மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காவல் கேட்டு யார் வந்தாலும், முதலில் பட்டமரத்தடியில் போய் நின்று, மைனாக்கள் என்ன பேசுகின்றன என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லும்.

இது தெரிந்ததும் நெடுவாலன் மரத்துக்கு ஓடியது. பழைய பேச்சையெல்லாம் மறந்துவிடும்படி கெஞ்சியது.

"மறப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியாதே, மாமா" என்றது ஒரு மைனா. சொல்லிவிட்டு, அந்த மூளைப் பேச்சை ஒருமுறை ஒப்பித்தும் காட்டியது.

நெடுவாலன் பதறிப்போய் அதன் வாயில் ஓர் இலந்தைப் பழத்தைத் திணித்தது. அடுத்த மைனா பழத்தைப் பார்த்தது. உடனே அதுவும் ஒப்பித்தது. அதற்கும் ஒரு பழம். விடிந்தால் முள்ளில் கை கிழியப் பழம் பறிப்பதும், வாய் திறந்த மைனாவுக்கெல்லாம் ஊட்டுவதுமே நெடுவாலனின் பிழைப்பானது. தன் வயிற்றுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வாயை மூடக் கொடுத்த பழமே வாயைத் திறக்க வைக்கிறது என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவே இல்லை. அதுவரை கேட்டே இராத குஞ்சுகள்கூடப் புதிதாகப் பாடம் பண்ணிக்கொண்டன.

குளத்து மான்களின் தலைவி ஒரு கடமான். அது தன் கன்றோடு மரத்தடிக்கு வந்தது. நெடுவாலன் பணிவாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. எப்போதும் ஒன்றிரண்டு மைனாக்கள்தான் பேசும். அன்று மரமே பேசியது. மூளைப் பேச்சு வந்தது, பழப் பேச்சு வந்தது. கடைசியில், "தம்பிகளா, மான்கள் போகும்வரை மட்டும் சும்மா இருங்கள், அதுகளுக்கு என்ன தெரியப் போகிறது" என்ற புதிய பேச்சும் வந்தது. எல்லாம் ஒரே குரல்.

"அம்மா, அது சும்மா சிரிப்புக்காகச் சொன்னது" என்றது நெடுவாலன்.

"இருக்கலாம்" என்றது கடமான். "சிரிப்பா நிஜமா என்று தெரிந்துகொள்ள, என் கன்றையல்லவா தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டும்?"

கடமான் கன்றைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மைனாக்கள் மட்டும் பழத்துக்காக வாயைத் திறந்தபடி காத்திருந்தன.

நாலு பேர் சிரிக்கட்டும் என்று ஊரறியப் பேசுகிறவன், நாளை தனக்கு வேலை கொடுக்கப் போகிறவரும் அதைக் கேட்பார் என்று பேசும்போதே நினைக்க வேண்டும். வேலை கேட்கிற அன்று வாயைத் துடைத்துப் பயனில்லை.