ஜவ்வாது ராசாவும் கண்ணுல படாத மானும்

ஏண்டா, அத்தர் புட்டியை அக்குள்ல கவுத்துக்கிட்டு அடுத்தவன் கல்யாணத்துக்குக் கிளம்புற பசங்களா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கு மூச்சு முட்டுது. இது உங்களுக்கான கதைதான்.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி கொன்றைநாட்டை அதிரூபவர்மன்னு ஒரு ராசா ஆண்டாரு. ஆண்டாருன்னா, குளிச்சது போக மிச்ச நேரத்துல. சந்தனம், புனுகு, ஜவ்வாது, அகில் புகைன்னு அஞ்சு நாழிகை குளியல். அது முடிஞ்சதும் நேரா மான் வேட்டை. ஆறு மாசமா ஒரு மானோட வாலைக்கூட பாக்கல.

"பிரபு, எல்லாம் வேட்டைக்கு வழிகாட்டுற சடையனாலதான்"னு வத்தி வெச்சாரு வாசனை அதிகாரி திருமேனிநாதர். "அவன் வேர்வை நாத்தத்துக்கு மான் என்ன, மலையே எந்திரிச்சு ஓடும்."

"அப்படியா? சடையா, உன் நாத்தம் காரணம் இல்லைன்னு நாளைக்குள்ள நிரூபி. இல்லேன்னா தலை போயிடும்."

சடையன் கழுத்தைத் தடவிப் பாத்துக்கிட்டான். இருக்குறது ஒண்ணே ஒண்ணு.

"சாமி, மானைக் கேட்டா வாயத் திறக்காது. நீங்களே ஒரு பொழுது மானா இருங்க. எவன் வாசனை தெரியாம வந்து உங்களைத் தொடறானோ, அவன் சுத்தம்."

"கொம்பு உண்டா?"ன்னாரு ராசா, ஆசையா.

"கட்டிவிடறேன் சாமி. ஆனா ஜவ்வாது கூடாது. எந்த மானும் பூசுறதில்ல."

மறுநாள் காட்டுல ராசா வெறும் தண்ணியில குளிச்சு, கண்ணைக் கட்டி, கொம்பு மாட்டி உக்காந்தாரு. யாரும் கேக்காமலே புல்லையும் கடிச்சுப் பாத்தாரு. திருமேனிநாதர், மானை மயக்குறேன்னு ரெண்டு மடங்கு புனுகு பூசிட்டு, காத்தை முதுகுல வாங்கிட்டு கிளம்பினாரு. அறுபதடி தூரத்துலயே ராசா தும்மிட்டாரு.

"அச்சூ! திருமேனிநாதரே, அங்கேயே நில்லும்! கல்யாண ஊர்வலமே வர்ற மாதிரி இருக்கு!"

சடையன் ஒரு பிடி புழுதியைக் கீழ விட்டான். அது பறந்த பக்கமாவே சுத்திப் போயி, எதிர்க்காத்துல மெல்ல வந்து கொம்பைத் தொட்டான்.

"யாரது?"

"நாத்தம் புடிச்சவன் சாமி."

ராசா மோந்து பாத்தாரு. "த்தூ, இப்ப நாறுதே! வரும்போது ஏன் தெரியல?"

"காத்து உங்ககிட்டருந்து என் பக்கம் அடிக்குது. என் நாத்தம் எனக்குப் பின்னாடியே போயிடுச்சு. இத்தனை நாளா மானை விரட்டினது உங்க ஜவ்வாதுதான் சாமி."

ராசா கொம்பைக் கழட்டி திருமேனிநாதர் தலையில மாட்டினாரு. "ஒரு மாசம் இதோடதான் சபைக்கு வரணும். குளியல் வெறும் தண்ணியில!" தன் தங்கக் காப்பை சடையன் கையில போட்டாரு. "வேற என்னடா வேணும்?"

"ஒண்ணு சொல்லணும். தண்டிக்க மாட்டேன்னு வாக்கு குடுங்க."

"குடுத்தேன், சொல்லு."

"ஜவ்வாதை மட்டும் குத்தம் சொல்லக்கூடாது சாமி. ஆறு மாசம் முன்னாடி நீங்க மானுக்கு விட்ட அம்பு என் மச்சான் தொடையில ஏறிச்சு. அன்னிலேருந்து, உங்க வாசனையைக் காத்து மான்கிட்ட கொண்டுபோற வழியாப் பாத்து உங்களைக் கூட்டிட்டுப் போனவன் நான்தான்."