மேவிஸ் டக்கரின் நாற்காலி

“வலிக்காம விழறது எப்படின்னு சொல்லிக் கொடுங்க” என்று கேட்டாள் மேவிஸ் டக்கர்.

கேட்ட இடம் லாஸ் ஏஞ்சலிஸ். டயர் கடைக்கு மேலே, தரை முழுக்கப் பாய் விரித்த ஓர் அறை.

யாரிடம் கேட்டாள்? ரமோனாவிடம். முன்னே சர்க்கஸில் கோமாளியாக இருந்தவள். மேவிஸைவிட வயசில் ரொம்பச் சின்னவள். இருந்தால் என்ன? அந்த ஊரில் விழுந்து பிழைக்கிற நடிகர்களுக்கெல்லாம் அவள்தான் குரு. அங்கே குருவையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

மேவிஸைத் தெரியாத வீடு அமெரிக்காவில் இல்லை. வாராவாரம் டிவியில் ஓர் ஆபீஸ் சிரிப்புத் தொடர். அதில் இவள் டைப்பிஸ்ட். நல்ல பெரிய உடம்பு. முதலாளி “உட்காருங்க” என்பார். இவள் உட்காருவாள். நாற்காலி முறியும்.

தொபுக்கடீர்!

நாடே சிரிக்கும்.

முறிவதற்கென்றே செய்த நாற்காலி அது. லேசான மரம், பாதி அறுத்து வைத்த கால்கள். தரையில் மெத்தை. விழுந்தால் ஒரு கீறல்கூடப் படாது.

அந்தத் தொடரின் வசனத்தில் பாதி மேவிஸ் எழுதியது. அதை யார் கண்டார்கள்? ஜனங்கள் கண்டதெல்லாம் அவள் விழுந்ததைத்தான்.

“எங்க வலிக்குது? முட்டியிலா?” என்று கேட்டாள் ரமோனா.

“இல்லை.”

“இடுப்பு?”

“அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு.”

“அப்புறம்?”

மேவிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

“எங்க அம்மா செத்துப்போனாங்க. சர்ச்சுல சவப்பெட்டிக்கு முன்னால எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. உட்காரப் போனேன். பின்னாலேர்ந்து யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க.”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற ஜனங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

“அம்மாவைப் பத்தி ஒரு காட்சி எழுதினேன்” என்றாள் மேவிஸ். “டைப்பிஸ்டோட அம்மா இறந்துடுறாங்க. அவ முதலாளிகிட்ட வந்து அம்மாவைப் பத்திப் பேசுறா. வேற ஒண்ணும் கிடையாது. எங்க தயாரிப்பாளர் விட்லாக் படிச்சார். கண்ணைத் தொடச்சுக்கிட்டார். பிரமாதம்னு கையைக் குலுக்கினார். அப்புறம் ஆரம்பத்துல ஒரே ஒரு வரி சேர்த்தார்.”

“என்ன வரி?”

“நாற்காலி முறிகிறது.”

ரமோனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“வெறும் சாவைக் காட்டினா ஜனங்க வேற சேனலுக்குப் போயிடுவாங்களாம். விழுந்து எழுந்து, அதுக்கப்புறம் பேசணுமாம். விழுந்தவ பேச்சை எவன் கேப்பான்? எங்க அம்மா பேரைச் சொல்றப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க.”

“முடியாதுன்னு சொல்லுங்க.”

“சொன்னேனே! வேற ஆளைப் பார்த்துக்கிறேங்கிறார். இந்த உடம்புக்கும் இந்த வயசுக்கும் எனக்கு யார் வேலை கொடுப்பா? அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். விழறேன். வலிக்காம விழச் சொல்லிக் கொடுங்க.”

ரமோனா சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.

“முதல்ல உட்காருங்க.”

இரும்பு நாற்காலி. யானையே உட்காரலாம்.

மேவிஸ் கிட்டே போனாள். உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். முதுகைப் பிடித்து ஆட்டினாள். குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். பிறகு, நாற்காலியை நம்பலாமா என்று ஒரு கண்ணால் ரமோனாவையும் பார்த்தாள்.

ரமோனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாயில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மேவிஸுக்கு முகம் சிவந்துபோனது.

“நீங்களுமா? நான் இன்னும் விழவே இல்லையே!”

ரமோனா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

“ஆமாம். விழவே இல்லையே.”

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

“என்ன இது? பாடம்?”

“முடிஞ்சுது. போயிட்டு வாங்க.”

மேவிஸ் படியிறங்கும்போது வாய்க்குள் திட்டிக்கொண்டே போனாள். இதுவும் ஒரு குரு! பாதி வழியில் ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தாள். மேஜையடியில் இருந்த நாற்காலியை இழுத்தாள். அவள் கை தானாகப் போய் அதை அழுத்தியது.

கையைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக இப்படிச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. காபி குடிக்காமலே வெளியே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு.

இந்த மாதிரித் தொடர்களை அங்கே நாடகம் போலத்தான் எடுப்பார்கள். எதிரே ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அதுவும் சேர்ந்து பதிவாகும். விட்லாக் மேலே கண்ணாடி அறையில் இருப்பார்.

விளக்கு எரிந்தது. மேவிஸ் கறுப்பு உடையில் உள்ளே வந்தாள்.

முதலாளியாக நடிப்பவர் நாற்காலியைக் காட்டினார். “உட்காருங்க.”

அவ்வளவுதான், ஜனங்களுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் உட்காருவதற்கு முன்பே கெக்கெக்கென்று ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்ச்சில் கேட்டாளே, அதே சிரிப்பு.

இருங்கடா, என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்காலியிடம் போனாள். கையை வைத்து அழுத்தினாள். ‘கிறீச்’ என்றது. அவள் முதலாளியைப் பார்த்தாள். குனிந்து ஒரு காலைப் பார்த்தாள். மறுபடி முதலாளியைப் பார்த்தாள்.

சிரிப்பு எழுந்தது. அடேயப்பா, என்ன சிரிப்பு! அவளுக்குத் தொழில் தெரியும். சிரிப்பில் எது எந்தச் சிரிப்பு என்று காது பிரித்துச் சொல்லும். இந்தத் தடவை அவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளோடு சேர்ந்து அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“உட்காருங்க” என்றார் முதலாளி மறுபடியும். பாவம், அவருக்கு வேறு வசனம் கிடையாது.

“வேண்டாம் சார். நின்னுக்கிறேன்.”

“நிறுத்துங்க!” என்றது ஒலிபெருக்கி.

விட்லாக் தடதடவென்று இறங்கி வந்தார். ஜனங்கள் பார்க்கிறார்களே என்று முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தார். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மேவிஸ், மறுபடி எடுக்கிறோம். ஒழுங்கா உட்காருங்க. இல்லைன்னா இதுதான் உங்க கடைசி நாள்.”

உரலில் தலையைக் கொடுத்தாச்சு, இனி இடிக்குப் பயந்து என்ன செய்ய?

“எப்படி உட்காரணும்னு எனக்குப் புரியலை, மிஸ்டர் விட்லாக்” என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. “ஒரு தடவை உட்கார்ந்து காட்டுங்களேன்.”

ஜனங்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

விட்லாக் நாற்காலியைப் பார்த்தார். முதுகில் கை வைத்தார். எடுத்துவிட்டார்.

“நான் நடிகன் இல்லை.”

“நாற்காலிக்கு அது தெரியாதே” என்றாள் மேவிஸ்.

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். கேமராக்காரரும் சிரித்தார். முதலாளியாக நடித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். விட்லாக்கின் காது சிவந்தது.

“நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க.”

“வரேன். இப்ப எடுங்க.”

அத்தனை பேர் பார்க்க அவர் என்ன செய்வார்? மேலே ஏறிப் போனார். கேமரா ஓட ஆரம்பித்தது.

மேவிஸ் அவசரப்படவில்லை. அந்தச் சிரிப்பு கடைசிப் பொட்டு வரை தீரட்டும் என்று காத்திருந்தாள்.

பிறகு, நின்றபடியே, தான் எழுதியதைச் சொல்ல ஆரம்பித்தாள்.

“சார், எங்க அம்மாவுக்குக் கை ரொம்பச் சின்னது. ரோட்டைத் தாண்டுறப்ப என் ஒரு விரலைத்தான் பிடிச்சுக்குவாங்க.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை.