குதிரை காட்டிய போர்க்களம்

சீனத்தின் வடக்கு எல்லைக் கோட்டையில் ஷென் போ என்றொரு தளபதி. காலையில் கவசம் மாட்டி ஒற்றை ஆளாய்க் குதிரையில் கிளம்புவார். பொழுது சாய்ந்ததும் தள்ளாடியபடி திரும்பி, "இன்றும் எதிரியை விரட்டிவிட்டேன்" என்று சக்கரவர்த்திக்குச் சேதி அனுப்புவார்.

சக்கரவர்த்தி பூரித்துப்போய், அந்தப் போர்க்களத்தைப் பார்த்துவர ஒரு தூதரையே அனுப்பிவிட்டார்.

தளபதிக்கு வியர்த்தது. குதிரைக்காரன் தோங்கைக் கூப்பிட்டு, "தூதருக்கு ஏதாவது ஒரு போர்க்களத்தைக் காட்டுடா. இல்லேன்னா உன் தலை போயிடும்" என்றார்.

பொய் சொன்னால் தூதர் தலையை எடுப்பார், சொல்லாவிட்டால் தளபதி எடுப்பார். தோங்கிடம் இருந்ததோ ஒரே தலை.

தூதர் முன் கைகட்டி நின்றான். "ஐயா, நான் ஒருநாளும் கூடப் போனதில்லைங்க. போனது இந்தக் குதிரைதான். தளபதி ஏறி உட்கார்ந்து கடிவாளத்தை விட்டாப் போதும், அதுவே கூட்டிட்டுப் போகும்."

தூதர் தலையசைத்தார். தளபதி வேறு வழியில்லாமல் ஏறினார். தூதரும் கோட்டை வீரர்களும் பின்தொடர்ந்தார்கள். குதிரை எல்லைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தைத் தெருவில் குஷியாக ஓடி, சாராயக்கடை வாசலில் நின்றது.

கடைக்காரி பதறி வெளியே வந்தாள். "தினம் தனியாத்தானே வருவீங்க தளபதி! இன்னைக்குப் படையோட வந்தா, சரக்குக்கு நான் எங்கே போவேன்?"