ஜீப்பைத் தூக்கச் சொன்ன சேர்மன்

"ஆறு இஞ்ச் தூக்கி, பெரிய டயரா மாட்டுடா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று கத்தினார் சேர்மன் தணிகாசலம். தூக்கினால் மார்க்கெட் வளைவில் ஜீப் கவிழும் என்று டிரைவர் மரியதாஸ் சொன்னதுக்குத்தான் இந்தக் கத்தல். இத்தனைக்கும் அந்த ஜீப் தினமும் போவது கட்சி ஆபீஸுக்கு மட்டும்தான்.

மரியதாஸ் ஜாக்கி வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே செங்கல் கொடுத்தான். "இதுதாங்கய்யா அந்த உயரம். ஏறிப் பாருங்க."

கட்சிக்காரர்கள் வாசலில் கூடி நின்றார்கள். சேர்மன் காலைத் தூக்கினார். வேட்டி இழுத்துப் பிடித்தது. இன்னும் தூக்கினார். அவிழ்ந்தே விழுந்தது.

"பேன்ட் போட்டா ஏறிடலாங்கய்யா."

"பேன்ட் போட்டா எவன்டா எனக்கு ஓட்டுப் போடுவான்? தூக்கவே வேணாம், பழைய டயரே இருக்கட்டும்! மொதல்ல அந்தப் பக்கம் திரும்புடா!"

மரியதாஸ் திரும்பவில்லை.