பீரில் ஊறிய ஆரஞ்சுத் தோல்

மெல்போர்ன் நகரத்தின் ஓரத்தில் எஸ்தர் என்ற பெண் வீட்டிலேயே பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தாள். அவளுடைய சீடர் தவசிமுத்துக்கு அவளைவிட இரண்டு மடங்கு வயது. அந்த வருத்தம் அவருக்கு உண்டு. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை காலை அவர் அவள் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“பீர் கசக்குது, டீச்சர். நேத்தைவிட இன்னிக்கு அதிகம்.”

“தினமும் திறந்து பாக்கிறீங்களா?”

“பாக்காம எப்படி இருக்க முடியும்? ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வாரான்.”

அடுத்த தெருவில்தான் அவர் வீடு. இருவரும் நடந்தார்கள்.

அண்ணன் சிட்னியில் இருந்தார். பல வருஷமாகப் பேச்சில்லை. போன வாரம் அவராகவே போன் செய்தார். “நீ பீர் காய்ச்சுறியாமே. குடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பக்கத்துல இருக்கா?” என்று சிரித்தார். தவசிமுத்து சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவும் இல்லை. ஏற்கெனவே காய்ச்சி வைத்திருந்த பீரில் ஆரஞ்சுத் தோலைப் போட்டார்; அந்த வாசத்தாலேயே அண்ணன் வாயை அடைத்துவிட வேண்டும். இன்னொன்று காய்ச்ச நாள் இல்லை.

எஸ்தர் பீப்பாய்க் குழாயைத் திருகி ஒரு கிளாஸ் பிடித்தாள். முகர்ந்தாள். குடித்தாள்.

“வாசம் நல்லா வந்திருக்கு. கடைசியிலதான் கசக்குது. தோலை எப்படிச் சீவினீங்க?”

“சீவல. சுளையை எடுத்துட்டுத் தோலை அப்படியே துணியில கட்டி உள்ள போட்டேன்.”

“உள்பக்க வெள்ளையோடயா?”

“நார்த்தங்காய் ஊறுகாய்க்கு யாராவது வெள்ளையைச் சீவுவாங்களா? ஊற ஊறக் கசப்பு போயிரும்லா? அதான் நல்லா ஊறட்டும்னு விட்டுவச்சிருக்கேன்.”

“அதுல உப்பு இருக்கு, அண்ணாச்சி. இதுல இல்லையே. இதுல ஊற ஊறக் கசப்பு ஏறும்.”

அவர் பீப்பாயைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்போ எல்லாம் போச்சா?”

“இன்னிக்குக் குடிக்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை?”

அவள் கிளாஸைக் கழுவி வைத்தாள்.

“அண்ணன் வந்ததும் முதல்ல என்ன பேசுவீங்க?”

“அவன் மக கல்யாணத்தைப் பத்திக் கேப்பேன். முதல் பந்தியில உக்காந்த என்னை எழுப்பிவிட்டான். நீ நம்ம ஆளுதானே, அடுத்த பந்தியில சாப்பிடுன்னான். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. அதோட பேச்சு நின்னுச்சு.”

“அண்ணன் எந்தப் பந்தியில சாப்பிட்டார்?”

தவசிமுத்து யோசித்தார்.

“அவன் அன்னிக்குச் சாப்பிடவே இல்லைன்னு மதினி சொன்னா. அது வேற விஷயம்.”

“சரி.”

“வேற விஷயம்தானே, டீச்சர்?”

எஸ்தர் பீப்பாயின் மூடியைத் திறந்தாள். துணிமூட்டையைக் கட்டிய நூல் விளிம்பில் தொங்கியது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வெளியே எடுங்க.”

அவர் நூலைப் பிடித்தார். இழுக்கவில்லை.

“இத்தனை நாள் கிடந்துருச்சு. ஞாயிறு வரைக்கும் கிடந்தா வாசமாவது கூடாதா?”

“வாசம் முதல் ரெண்டு நாள்லயே இறங்கியாச்சு. இப்போ இறங்குறது கசப்பு மட்டும்தான்.”

“எடுத்தா அந்தக் கசப்பு போயிருமா?”

“ஏறினது போகாது, அண்ணாச்சி. இனிமே ஏறாது.”