வெகுளி ஆமையும் படித்த கிளியும்

கோடையில் காட்டுக் குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் கிடந்தது. அந்தக் குளத்துக்குத் தலைவர் ஒரு கிழத் தவளை.

ஓர் ஆமை அங்கே இடம் கேட்டு வந்தது. துணைக்கு ஒரு மானும் வந்தது.

"ஆள் எப்படி?" என்று கேட்டது தவளை.

"ரொம்ப வெகுளிங்க!" என்றது மான்.

மரத்திலிருந்த கிளி காதைத் தீட்டிக்கொண்டது. ஊரில் ஒரு புலவர் வீட்டுக் கூண்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த கிளி அது. சும்மா இருக்குமா?

"வெகுளியா? ஐயகோ! வெகுளி என்றால் கோபம்! பழைய நூல்களில் அதுதான் பொருள். இவன் பொல்லாத கோபக்காரன்!"

"சூதுவாது தெரியாதவரைத்தானே நாங்க அப்படிச் சொல்றோம்?" என்றது மான்.

"அது உங்கள் அறியாமை!" என்றது கிளி.

தவளைகள் அரண்டுபோயின. "போ வெளியே!" என்று சேற்றை வாரி இறைத்தன.

ஆமைக்குக் கோபம் வந்ததா? அதுதான் இல்லை!

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குக் கோபம் இருக்கிறது எனக்கே தெரியாமப் போச்சே!" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, காய்ந்த காட்டுக்குள் திரும்பி நடந்தது.

மறுநாள் சுழற்காற்று அடித்தது. கிளியின் குஞ்சு பொந்திலிருந்து விழுந்து காணாமல் போனது. கிளி கத்திக் கத்தித் தேடியது.

சாயங்காலம் ஆமை வந்தது. முதுகில் குஞ்சு பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நாக்கு வறண்டிருந்தும் ஆமை கரைக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டது.

"புலவரே, வந்து பிள்ளையை வாங்கிக்குங்க! நான் கிட்ட வரலை. திடீர்னு எனக்குக் கோபம் வந்துட்டா, பாவம், தவளைக் குஞ்சுங்க பயந்துடும்!"

கிளிக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த முறை வாயில் செந்தமிழ் வரவில்லை.

"வெட்கமா இருக்குங்க! மான் என்ன அர்த்தத்துல சொல்லுச்சுன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான், என் படிப்பைக் காட்டிக்கப் பழைய அர்த்தத்தை எடுத்துவிட்டேன்!"

கிழத் தவளை தலையைத் தொங்கப் போட்டது. "அந்தப் பழைய அர்த்தத்துல பார்த்தா, வெகுளி நாங்கதான். சேத்தை வாரி அடிச்சது யாரு?"

எல்லாத் தவளைகளும் வழிவிட்டன. ஆமை இறங்கி வயிறு முட்டக் குடித்தது.

"அப்போ எனக்குக் கோபமே இல்லையா? அப்பாடா!" என்று சந்தோஷப்பட்டது.

அதைக் கேட்டுக் கிளி இன்னும் குன்றிப்போனது.

தன் படிப்பைக் காட்டிக்கொள்ள ஒருவன் சொல்லைத் திரித்தால், அது இன்னொருவன் குடிக்கும் தண்ணீரையே பறித்துவிடும்.